குவின்டின்ஷில் ரயில் விபத்துக்கும் கிரெட்னா ஆலைக்கும் தொடர்பில்லை

"குவின்டின்ஷில்லில் வெடித்தது கிரெட்னா வெடிமருந்து ஆலையின் சரக்கு ரயில், அதை அரசு மூடி மறைத்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேதியைப் பார்த்தாலே கதை நிற்காது. ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில்லில் விபத்து நடந்தது 1915 மே 22. முதல் உலகப் போருக்காக எழுந்த கிரெட்னா ஆலையின் கட்டுமானமே அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. கார்டைட் (குண்டுகளைச் செலுத்தும் வெடிமருந்து) உற்பத்தி 1916-ல்.

மோதியது படைவீரர் ரயில். எடின்பரோவை ஒட்டிய லீத் பகுதியின் ராயல் ஸ்காட்ஸ் படைப்பிரிவு வீரர்கள் துருக்கியின் கலிபோலி போர்முனைக்குப் போக லிவர்பூல் துறைமுகம் நோக்கிப் பயணித்தார்கள். அதே தடத்தில் நின்றிருந்த உள்ளூர் ரயிலை சிக்னல்மேன்கள் மறந்துபோனார்கள். மரப்பெட்டிகள், விளக்குக்கான எரிவாயு; தீ அதனால்தான் அப்படிப் பரவியது, வெடிமருந்தால் அல்ல. இறந்தவர்கள் 200-க்கும் மேல்.

பாதையும் வேறு. விபத்து கலிடோனியன் ரயில்வேயின் பிரதான வழித்தடத்தில். ஆலைக்குள் ஓடியது இரண்டடி அகலக் குறும்பாதை, மொத்தம் ஏறக்குறைய 125 மைல்! ஆலை இருந்த ஈஸ்ட்ரிக்ஸ் பக்கம் எடுத்த தண்டவாளப் படங்களைப் பகிர்வோரும் கவனிக்கவும்: அந்த இடம் பின்னர் ராணுவ வெடிமருந்துக் கிடங்காகிப் பல பத்தாண்டுகள் குறும்பாதையுடன் இயங்கியது. எனவே தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறது என்பதற்காக அது 1916-ஐச் சேர்ந்தது ஆகிவிடாது.