அஸ்வெசுமக்கு ஓடமுதல் பார்க்கவேண்டிய காகிதங்கள்

உழைத்த மனிதர் காலமான வீட்டுக்கும், கடை பூட்டி வேலை போன வீட்டுக்கும் வந்து போகிறவர்கள் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான்: "விதானையாரிட்டப் போய் அஸ்வெசுமக்குப் பதியுங்கோ." விதானையார் என்றால் கிராம அலுவலர். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அலுவலின் ஒழுங்கு தலைகீழ். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவியான அஸ்வெசும, கடைசியாகக் கையில் வரும் காசு. அதற்கு முன் எடுக்கக்கூடியவை இருக்கின்றன, அவற்றை அனேகர் கேட்பதே இல்லை.

முதலில் ஒன்று விளங்கவேண்டும். வேலை போனவருக்கு மாதாமாதம் காசு கொடுக்கும் காப்புறுதித் திட்டம் இலங்கையில் இல்லை. 2023 யூலையில் சமுர்த்தி நிவாரணத்தின் இடத்துக்கு வந்த அஸ்வெசும, 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடப்பது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் தன்மை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்பில் 22 குறிகாட்டிகளை வைத்துத்தான் புள்ளி போடுகிறார்கள். போன மாதம் சம்பளம் நின்றுவிட்டது என்பது தனியே ஒரு தகுதி ஆகாது. நிலத்துக்கு மாபிள் பதித்திருக்கிறதா, முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறதா, மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பவைதான் கணக்கில் ஏறும். பத்து வருடம் உழைத்துக் கட்டிய வீடு, உழைப்பு நின்ற மறுநாளும் அதே வீடாகத்தான் நிற்கும்.

ஆகவே முதலில் உங்கள் சொந்தக் காசைத் தேடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் பெரிய பிழை. வேலை போனால் சேமலாப நிதி உடனே கைக்கு வராது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது ஆகவேண்டும், அல்லது நிரந்தர இயலாமை போன்ற விசேட காரணம் இருக்கவேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதி அப்படியல்ல. வேலையை விட்டு விலகியதும் கேட்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்த முறைக்கு 5 வருடம் பொறுக்கவேண்டும், அவ்வளவுதான். அங்கத்தவர் இறந்திருந்தால் இரண்டுமே குடும்பத்துக்கு உரியவை. யாரைப் பின்னுரித்தாளியாக, அதாவது தனக்குப் பின் காசு பெறுபவராகப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். கலியாணத்துக்கு முன் தாயின் பெயரைப் போட்டுவிட்டு மாற்றாமல் விட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

பணிக்கொடையையும் மறக்கவேண்டாம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால், மாதச் சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்குக் கடைசிச் சம்பளத்தின் அரைவாசி. கடைசிச் சம்பளம் 40,000, சேவை 9 வருடம் என்றால் 180,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் முதலாளி கொடுக்கவேண்டும். இறந்தவருக்கும் இது உண்டு, வாரிசுகள் கேட்கலாம். ஆட்கள் 15க்குக் குறைவென்றால் தொழில் நியாய சபைக்குப் போகவேண்டி வரும்.

இன்னொன்று. வேலையால் நிற்பாட்டும்போது "சும்மா ஒரு கையெழுத்து" என்று நீட்டும் கடிதத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். "என் சொந்த விருப்பில் விலகுகிறேன்" என்று அதில் எழுதியிருந்தால் நட்டஈடு கேட்கும் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒரு வருடத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்பென்று நிறுத்தமுடியாது. அந்த ஒரு கையெழுத்துத்தான் அந்தச் சம்மதம்.

மரணம் நடந்த வீடென்றால் எல்லாவற்றுக்கும் மூலம் மரண அத்தாட்சிப் பத்திரம். வீட்டில் நடந்ததென்றால் கிராம அலுவலரின் அறிக்கையோடு பதிவாளரிடம், ஆஸ்பத்திரியில் என்றால் அங்கே தரும் படிவத்தோடு. தகவல் கொடுப்பவராகக் கையெழுத்துப் போடுபவர் அனேகமாக ஒரு மைத்துனரோ பெறாமகனோதான். அழுத கண்ணோடு இருக்கும் மனைவியை யாரும் கூட்டிப்போவதில்லை. அங்கேதான் பிழை நுழைகிறது: பெயரின் முதலெழுத்து, வயது, அடையாள அட்டை இலக்கம். கையெழுத்துக்கு முன் இறந்தவரின் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறகு திருத்துவதென்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் சத்தியக் கடதாசியோடு அலையவேண்டும். பிரதிகள் ஐந்தாவது எடுத்து வையுங்கள். வங்கி ஒன்று கேட்கும், தொழில் திணைக்களம் ஒன்று கேட்கும், ஒருவரும் திருப்பித் தரமாட்டார்கள்.

பெயர் என்று வந்தால் யாழ்ப்பாணத்துக்கே உரிய தலையிடி ஒன்று இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் தமிழில் பெயர் மட்டும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால். வங்கிப் புத்தகத்தில் கலியாணத்துக்குப் பிறகு கணவரின் முதலெழுத்து. இதில் "ராசா" என்று முடியும் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் எஸ் போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் ஜே போட்டுக் கடைசியில் எச்சும் சேர்த்திருப்பார். வங்கிக் கணினிக்கு இவர்கள் மூன்று பேர். எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, முன்கூட்டியே கையில் வைத்திருங்கள். காசு திரும்பிப் போனபிறகு செய்தால் மாதங்கள் போய்விடும்.

அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் வி எழுத்தும். புதியதில் 12 இலக்கம். மாற்றும் முறை இதுதான்: பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்கு முன்னால் 19, அந்த ஐந்துக்குப் பின் ஒரு பூச்சியம், பிறகு மிச்ச நாலு இலக்கம், வி போய்விடும். சேமலாப நிதியில் பழைய இலக்கம், வங்கியில் புதிய இலக்கம் என்று கிடந்தால் இரண்டும் ஒரே ஆள்தானா என்று இந்தக் கணக்கைப் போட்டு நீங்களே பாருங்கள். பெண்களின் அட்டையில் பிறந்த நாளைக் காட்டும் மூன்று இலக்கம் 500க்கு மேலே இருக்கும். அதைப் பிழையென்று நினைத்துத் திருத்த ஓடவேண்டாம்.

இனி அஸ்வெசும. இதில் நான் குறை சொல்லும் இடம் ஒன்று உண்டு. வருமானம் நிற்பது ஏதோ ஒரு நாளில். விண்ணப்பமோ அறிவித்த காலத்தில் மட்டும் எடுக்கப்படுகிறது. இரண்டாம் கட்டத்துக்கு 2024 தொடக்கத்தில் எடுத்தார்கள். நடுவில் விழுந்த குடும்பம் அடுத்த அறிவித்தல் வரை பட்டினி கிடக்கலாமா? இது அலுவலரின் பிழையல்ல, திட்டத்தின் வடிவத்தில் உள்ள ஓட்டை. அதனால்தான் அறிவித்தல் வரமுதலே காகிதங்களைச் சரிசெய்யச் சொல்கிறேன். அதுவரை பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். காசநோய், புற்றுநோய், தொழுநோய் உள்ள வீடுகளுக்கான மாதாந்த உதவி அவரூடாகத்தான் போகும். பெரிய வைத்தியச் செலவென்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை.

கணக்கெடுக்க வருபவரிடம் எங்கள் ஊர் வீடுகள் பொய் சொல்லும். கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மாடி வீட்டைப் பார்த்துக்கொண்டு கீழ் அறையில் இருக்கும் குடும்பம், பார்ப்பவர் கண்ணுக்குப் பணக்காரக் குடும்பம். "இது எங்கடை வீடில்லை, பாதுகாக்க இருக்கிறம்" என்று சொல்வதோடு நிற்காமல், உரிமையாளரின் கடிதம் ஒன்றும் காணி உறுதியின் பிரதியும் காட்டி, உரிமை இல்லை என்று பதியப்பட்டதைக் கண்ணால் பாருங்கள். ஒரே வளவில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பமென்று குடும்ப அட்டையில் ஏற்கெனவே பிரித்திருக்கவேண்டும். கணக்கெடுப்பு நாளில் பிரித்தால் நம்பமாட்டார்கள். பெயர் மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் விற்ற மோட்டார் சைக்கிள் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. விற்ற கடிதத்தைத் தேடி எடுங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, வாக்காளர் இடாப்பில் தெல்லிப்பளையும் வசிப்பு உடுவிலுமாக இருப்பவர்கள், இப்போது வசிக்கும் பிரிவின் விதானையாரிடம் முதலில் பதிவை எடுங்கள். ஒளிக்க மட்டும் வேண்டாம். பட்டியல் வெளியே ஒட்டப்படும், ஆட்சேபனை எழுத வேலிக்கு அங்கால ஆள் இருக்கும்.

2025 யனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிகவும் வறிய குடும்பத்துக்கு 17,500. மற்றப் பிரிவுகளுக்குத் தொகையும் குறைவு, காலமும் வரையறுத்தது. சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளிகள், 70 வயது தாண்டிய முதியோர் ஆகியோருக்கான கொடுப்பனவு வேறு கணக்கு. வீட்டில் அம்மம்மா இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

விண்ணப்பம் கொடுத்த அன்றே பதிவிலக்கத்தைப் போனில் படம் எடுத்து, கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பதவியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெயர் வராவிட்டால் மேன்முறையீட்டுக்குத் தரும் நாட்கள் கொஞ்சம். அஸ்வெசும விசாரணைக்கான 1924 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தாலும் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.