திங்கட்கிழமை சாயந்திரம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரு பயிற்சிக்குக் கருத்தாளராகப் போயிருந்தேன். 13 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஊரிலேயே மாலை நேர மையம் நடத்தப் போகிற தன்னார்வலர்களுக்கான ஒரு நாள் பயிற்சி அது. 60 பேர் வந்திருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் பெண்கள். 10 மணி என்று சொன்னது பதினொன்றரைக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பேர் திரையில் படம் போட்டுப் பேசினார்கள். எனக்குக் கொடுத்திருந்த ஒன்றரை மணி நேரம் 40 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. 4 மணிக்குச் சான்றிதழ், புகைப்படம், கிளம்பியாச்சு.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். 22, 23 வயது இருக்கும். "எல்லாம் நல்லா இருந்துச்சுக்கா. ஆனா திங்கக்கிழமை சாயந்திரம் அந்தப் பிள்ளைங்க முன்னாடி போய் நின்னதும் முதல்ல நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அவளுடைய பேருந்து வந்துவிட்டது. ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து, அவளுக்குத் தேவைப்பட்ட அந்த ஒன்றை மட்டும் நாங்கள் யாருமே சொல்லித்தரவில்லை என்பது இன்னும் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

இளையோருக்கான திட்டங்கள் நம் ஊரில் எங்கே உடைகின்றன என்று கேட்டால், பணம் இல்லை, பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை, பெற்றோர் அனுப்புவதில்லை என்று வரிசையாகச் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் 30 வருடத்துக்கு மேலாக இதிலேயே கிடக்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் அது உடைவது பயிற்சி முடிந்த மறுநாளில்தான். பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் திரும்பி வராத அந்த முதல் இரண்டு மாதத்தில்.

நான் இந்த வேலைக்கு வந்தது, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில். 1991, புதுக்கோட்டை மாவட்டம். பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடவும் கற்றுக்கொண்டார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் பதினைந்து பேருக்கு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குக் கிடைத்த பயிற்சியும் சில நாட்கள்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு முறை ஓர் அண்ணன் சைக்கிளில் வருவார். வந்தால் பேச மாட்டார். கடைசியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

என் வகுப்பில் ஒரு பாட்டி. தினமும் வருவார், ஆனால் சிலேட்டைத் தொடமாட்டார். வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார் என்று நான் மூன்று வாரமாக அவரை விட்டுவிட்டேன். ஒரு ராத்திரி வகுப்பு முடிந்ததும் அந்த அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுவரை நடந்து வந்தார். வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பாட்டி உட்கார்ற இடத்துல சிலேட்டு தெரியுமாம்மா?" மறுநாள் விளக்கைத் தூக்கிப் பாட்டி பக்கத்தில் வைத்தேன். அந்த வாரமே அவர் தன் பேரில் முதல் எழுத்தைப் போட்டார்.

என் பயிற்சி என்று நான் நினைவில் வைத்திருப்பது அந்த நடையைத்தான். மண்டபத்தில் உட்கார்ந்து கேட்ட எதுவும் இன்று ஞாபகம் இல்லை.

இப்போது எப்படி நடக்கிறது? மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு, மாவட்டம் ஒன்றியத்துக்கு, ஒன்றியம் குறுவள மையத்துக்கு (பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குப் பொதுவான மையம்), கடைசியில் தன்னார்வலருக்கு. மேலே ஐந்து நாள் நடந்தது கீழே வரும்போது ஒரு நாள் ஆகிவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. மேலே அவர்கள் செய்து பார்த்ததை எல்லாம் கீழே வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதுதான் வருத்தம். விளையாட்டைப் பற்றிப் பேச்சு, குழுவாக உட்காரவைப்பதைப் பற்றி வரிசையாக நாற்காலி போட்டு உரை. நான்கு கை மாறி வந்த பயிற்சியில் கடைசியாக மிஞ்சுவது கையேடும் வருகைப் பதிவேடும்தான்.

தன்னார்வலர்களை வைத்துப் பெரிய காரியம் ஆகாது என்று நான் சொல்லவில்லை. நேர்மாறாகத்தான் நம்புகிறேன். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். ஏறத்தாழ 2 லட்சம் பேர், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு 1 முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. ஊரடங்கில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அப்படி மீண்டதில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். கோயில் திண்ணையிலும் வீட்டு வாசலிலும் நடந்த வகுப்புகள் அவை. அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். இவ்வளவு செய்யக்கூடியவர்களுக்கு நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "சேவை மனசு இருந்தாப் போதும் மேடம், மத்ததெல்லாம் தானா வரும்." இந்த வாக்கியத்தோடு எனக்குப் பல வருடத்துச் சண்டை. மனசு இருக்கிறவள்தான் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்து அழுகிறாள். மனசு இருக்கிறவன்தான் பையன்கள் சிரித்ததும் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அதட்டுகிறான், மறுநாளிலிருந்து பாதிப் பேர் வருவதில்லை. சரி, மனசு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் நல்ல மனசுள்ளவரை வெறுங்கையோடு அனுப்பினால் ஆறு மாதத்தில் அந்த மனசும் உடைந்துபோகும். "எனக்கு இதெல்லாம் வராதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு அது நன்றாகவே வந்திருக்கும்.

அதிலும் வளரிளம் பிள்ளைகளோடு வேலை செய்வது சின்னக் குழந்தைகளோடு செய்வது போல இல்லை. ஏழு வயதுக் குழந்தை பாட்டுப் பாடினால் ஒட்டிக்கொள்ளும். 15 வயதுப் பையன் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று நம்மை அளந்து பார்ப்பான். பெண் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

எங்கள் பக்கத்து ஊர் மையத்தில் போன வருடம் நடந்தது. நடத்துகிற தங்கச்சி நல்ல கெட்டிக்காரி, கலகலப்பாகப் பேசுவாள். "எல்லாப் பிள்ளைகளும் நல்லாப் பேசுறாங்கக்கா, வந்து பாருங்க" என்றாள். போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். ஒரு தாளில் யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கட்டம் போட்டுக்கொண்டேன், 22 கட்டம். யாராவது வாயைத் திறந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. 40 நிமிடம் முடிந்தபோது முன்னால் இருந்த நான்கு கட்டங்கள் கறுத்துப்போயிருந்தன. ஜன்னலோரம் ஐந்தாறு கட்டத்தில் ஒன்றிரண்டு புள்ளி. கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளின் வரிசையில் ஒரு புள்ளிகூட இல்லை.

பிள்ளைகள் போன பிறகு தாளை அவளிடம் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இது இந்த வருஷம் படிப்பை நிறுத்தின பிள்ளைக்கா" என்றாள். அடுத்த வாரம் போனபோது பாயை வட்டமாக விரித்து, அவள் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முதலில் இரண்டிரண்டு பேராகத் தங்களுக்குள் பேசச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் எல்லோர் முன்னாலும் பேசக் கூப்பிட்டாள். அந்த யோசனையை நான் கொடுக்கவில்லை. தாளைப் பார்த்து அவளே கண்டுபிடித்தது.

செய்து பார்க்கவைப்பதும் அப்படித்தான். இப்போதெல்லாம் என் பயிற்சியில் உரை கிடையாது. தன்னார்வலர்களில் ஒருவர் 15 வயதுப் பையனாக நடிப்பார், இன்னொருவர் முதல் நாள் அவனிடம் பேசவேண்டும். "உன் பேர் என்னப்பா?" என்று தொடங்கினால், நடிக்கிறவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடுவார். அப்புறம் என்ன கேட்பது? அந்த இடத்தில் வியர்த்துப்போகும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை செய்யும்போது ஒருவர் எதையும் கேட்காமல் கேரம் போர்டை எடுத்து முன்னால் வைப்பார், பேச்சு தானாக வரும். இந்தத் தடுமாற்றம் எங்கள் முன்னால் நடந்துவிட்டால், பிள்ளைகள் முன்னால் பாதியாவது குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். எந்த மையத்திலும் ஒரு நாள் ஒரு பிள்ளை வந்து, "அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்கும். நல்ல மனசுள்ளவர் உடனே கையில் அடித்துச் சத்தியம் செய்துவிடுவார். அங்கேதான் தப்பு நடக்கிறது. பாலியல் தொந்தரவு என்றால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தாகவேண்டும். ஆசிரியர், தன்னார்வலர் என்ற வித்தியாசம் கிடையாது. தெரிவிக்காமல் விட்டால் அதற்கே தண்டனை உண்டு. அதைவிட, சத்தியம் செய்துகொடுத்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை அதன் பிறகு யாரையும் நம்பாது.

ஆகவே, என்ன சொல்லவேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்குகிறோம். "நீ சொல்றதை நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்." பிறகு குறுக்கே பேசாமல் கேட்பது. துருவித் துருவிக் கேள்வி கேட்காமல் இருப்பது. "நீ ஏன் அங்க போன?" என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைப்பது. பிள்ளையின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருப்பது. குழந்தைத் திருமணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் மாவட்ட சமூக நல அலுவலருக்குத் தகவல் கொடுப்பது. இவ்வளவையும் திரையில் படமாகக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எதிரில் ஒருத்தி அழுதுகொண்டே "சத்தியம் பண்ணுங்கக்கா" என்று நடிக்கும்போது அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், நாக்கு புரளாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறேன்.

சம்பளம் வாங்குகிற ஊழியர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓர் ஒருங்கிணைப்பாளருக்கு 15, 20 மையம். அவருக்கு நடக்கிற பயிற்சி என்றால் செயலியில் தகவல் ஏற்றுவது எப்படி என்பதுதான். மையத்துக்கு வந்தால் பதிவேட்டைப் பார்த்து, படம் எடுத்து, 10 நிமிடத்தில் கிளம்பவேண்டும். உட்கார்ந்து பார்க்கவும், பார்த்ததைத் தன்னார்வலர் மனம் நோகாமல் பேசவும் அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. கல்லூரிகளிலும் இதே கதை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) ஒரு அலகுக்கு 100 மாணவர்கள், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம். இவ்வளவையும் பாடம் நடத்திக்கொண்டே பார்த்துக்கொள்கிறவர் ஒரே ஒரு திட்ட அலுவலர். அவருக்கு இளைஞர்களோடு வேலை செய்யப் பழக்கிவிட்டால், அந்த ஏழு நாள் எவ்வளவு பெரிய வாய்ப்பு!

எங்கள் வட்டாரத்தில் நாங்கள் இப்போது செய்வது ரொம்ப எளிது. முதலில் ஒரு நாள் பயிற்சி. இரண்டு வாரம் கழித்து அரை நாள். அதன் பிறகு மாதம் ஒரு முறை, பக்கத்துப் பக்கத்து ஊர் மையங்களிலிருந்து பத்துப் பேர் ஏதாவது ஒரு மையத்திலேயே கூடுகிறோம். கைக்குழந்தையோடு வரலாம். ஒருவர் வகுப்பை எல்லோரும் பார்ப்போம், பிள்ளைகள் போன பிறகு பேசுவோம். இந்த மாதம் சொதப்பியதை முதலில் சொல்லவேண்டும் என்பது ஒரு விதி, அதை நான் தொடங்கி வைப்பேன். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. டவுன் பஸ் போகாத ஊர்க்காரர்களுக்கு மட்டும் மினி பஸ், ஆட்டோ காசு கொடுக்கவேண்டும்.

ஒரு கூட்டத்துக்கு டீ, வடை, ஜெராக்ஸ், அந்தப் பயணக் காசு எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்கு மேல் ஆனதில்லை. அன்றைய பயிற்சியில் கொடுத்த பைகளுக்கும் பேனருக்கும் ஆன செலவில் இதுபோல ஒரு வருடத்துக்கு நடத்தலாம். ஆனால் எந்தத் திட்ட மதிப்பீட்டைப் பார்த்தாலும் பயிற்சிக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அதற்குக் கீழே 'தொடர் சந்திப்பு' என்று ஒரு வரி இருப்பதில்லை. இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் தொண்டு நிறுவனங்களில் திட்டம் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள், கல்லூரிப் பொறுப்பில் இருக்கிறீர்கள், அலுவலகங்களில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை எழுதும்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

செருப்பு தேடிய இடத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் ஊரை விசாரித்து வைத்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து 14 கிலோமீட்டர். வரும் திங்கட்கிழமை சாயந்திரம் போகிறேன். கடைசியில் உட்கார ஒரு சாக்கு மட்டும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.