பௌர்ணமிக்கு மூளை நீர் பொங்குமா?

"உடம்பில் 70 சதவீதம் தண்ணீர். பௌர்ணமியன்று கடல்போல மூளை நீரும் பொங்கி, பித்து ஏறும், மனநல மாத்திரையை அன்று நிறுத்துங்கள்" என்று மண்டபம், தொண்டிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. தவறு.

நிலவின் ஈர்ப்பு பூமியின் இரு பக்கங்களிலும் வேறுபடுவதால்தான் கடல் ஏறி இறங்குகிறது. அதற்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலம் வேண்டும். அப்படியும் பாம்பனில் ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆறடி ஆளுக்குள் என்ன பொங்கும்? அமாவாசைக்கும் கடல் அதே அளவு ஏறுகிறதே, அன்று மட்டும் பித்து லீவா?

வெளிச்சம் வேறு கதை. இரவு வெளிச்சம், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கும். அர்ஜென்டினாவின் தோபா பழங்குடியினர் பௌர்ணமிக்கு முந்தைய இரவுகளில் தாமதமாக, குறைவாகத் தூங்கியதை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. தூக்கம் கெட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். மாத்திரையை நிறுத்தினால் வருவதோ அதைவிட மோசம். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.