பொக்கற்றில் ஒரு பேனாக்கத்தி

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். ஏ9 வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் தடுமாறி வந்து நின்றது. பின்னால் இருந்த அம்மாவின் சேலைத் தலைப்பு சில்லுக்குள் இழுபட்டுச் செயினில் சுற்றிவிட்டது. இறங்கவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. சேலை தோளை இறுக்கிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். இன்னும் இறுகியதுதான் மிச்சம். ஒரு தம்பி லைற்றரை எடுத்து, எரித்து அறுப்போமா என்றான். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில், உடம்போடு ஒட்டியிருக்கிற சேலையை!

நான் பொக்கற்றில் இருந்த பேனாக்கத்தியை எடுத்தேன். அதில் மடிந்திருக்கும் சின்னக் கத்தரிக்கோலால் தோளுக்குக் கீழே பிடித்து நறுக்கினேன். "பாத்து வெட்டுங்கோ தம்பி, மகள் எடுத்துத் தந்த சேலை" என்றா அந்த அம்மா. தோள் விடுபட்டதும் அப்படியே வீதியோரத்தில் இருந்துவிட்டா. கழுத்தடியில் சிவப்பாக ஒரு கோடு.

எல்லாம் முடிந்த பிறகு பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி கத்தியோட திரியிறீர்?"

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. அவரிலும் பிழை சொல்ல மாட்டேன். வாள்வெட்டுச் செய்திகளைப் படித்துப் படித்துக் கத்தி என்ற சொல்லே நமக்குப் பயமாகிவிட்டது. அதற்கு முன்னம் சோதனைச் சாவடிக் காலம். பையைக் கொட்டி, பொக்கற்றை வெளியே இழுத்துக் காட்டி நடந்த சனம், வீண் கேள்வி எதற்கு என்று சின்னக் கத்தியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பழகியது. அப்படி விட்ட பழக்கம் பிறகு திரும்பவில்லை. ஆனால் எங்கள் அப்பு மடியில் வெற்றிலையோடு ஒரு வில்லுக்கத்தி எப்போதும் இருந்தது. சீவல் தொழிலாளியின் இடுப்பில் பாளைக்கத்தி. காட்டுக்குப் போனால் தோளில் காட்டுக்கத்தி. கத்தி வைத்திருந்ததால் யாரும் அவர்களைச் சண்டியர் என்று சொன்னதில்லை. பேனாக்கத்தி என்ற பெயரே, இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்ததால் வந்ததுதான்.

வன்னியில் கமம் செய்கிறவனுக்கு ஒரு நாளில் எத்தனை தரம் இது தேவைப்படும்! யூரியாப் பையைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார்கள். தையலின் ஒரு முனையில் முடிச்சை மட்டும் வெட்டி நூலை இழுத்துப் பாருங்கள், சரசரவென்று முழுத் தையலும் பிரிந்து வரும். பையும் பழுதாகாது, நெல்லுக்கு உதவும். விடத்தல் முள் காலில் முறிந்தால் கத்தியின் பக்கத்தில் செருகியிருக்கும் முள்ளுவாங்கி போதும். வரம்பில் கட்டிய கன்றுக்குட்டி நைலோன் கயிற்றில் சிக்கித் துடிக்கும்போது வீட்டுக்கு ஓடிக் கத்தி எடுத்து வர நேரம் இருக்காது.

என்னிடம் இருப்பது மாமா சுவிசிலிருந்து கொண்டுவந்து தந்த விக்டோறினொக்ஸ். மடித்தால் 91 மில்லிமீற்றர். 1884 இல் கார்ல் எல்செனர் என்பவர் தொடங்கிய பட்டறை. தாயின் பெயர் விக்டோரியா, அதோடு துருப்பிடிக்காத இரும்பைக் குறிக்கும் 'இனொக்ஸ்' சேர்ந்து வந்த பெயர் அது. தாயின் பெயரில் கத்தி செய்த மனிசன் என்பதாலேயே எனக்கு அதில் ஒரு பிடிப்பு. 58 மில்லிமீற்றரில் இன்னும் சின்னதும் இருக்கிறது. அலகு, கத்தரிக்கோல், முள்ளுவாங்கி எல்லாம் அதிலும் உண்டு. திறப்புக் கோர்வையில் மாட்டலாம். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, வைத்திருப்பவர்களுக்குச் சில விசயம். இந்த வகைக் கத்தியின் அலகைப் பிடித்திருப்பது ஒரு வில் மட்டும்தான், பூட்டு இல்லை. நுனியால் குத்தித் துளைக்கப் போனால் உங்கள் விரலிலேயே மடியும். மொட்டைக் கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அமத்தி வெட்டும்போது வழுக்கும். சாணைக்கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்கம் இல்லாத வளையத்தில் தீட்டுங்கள். நம்முடைய செம்மண் புழுதி மூட்டுக்குள் போய் இறுகும். இளஞ்சுடு தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய்.

கொண்டுபோகக் கூடாத இடங்களும் உண்டு. பள்ளிக்கூடம், நீதிமன்றம், வற்றாப்பளைப் பொங்கல் மாதிரிச் சன நெரிசல். வாய்த்தர்க்கம் நடக்கிற இடத்தில் உங்கள் கை பொக்கற்றுப் பக்கமே போகக் கூடாது. கோபக்காரப் பெடியனுக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஆடித் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தங்களே, சொக்லேற் போதும் போதும் என்றாகிவிட்டது. வரும்போது ஊரில் கமம் செய்கிற அண்ணனுக்கோ மச்சானுக்கோ இதில் ஒன்று வாங்கி வாருங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.