சிகரெட் பெட்டி மட்டையில் எழுதின கணக்கு

சென்ற கிழமை சந்தைக்குப் பக்கத்தில் பழைய தங்கம் வாங்குகிற கடையில் நகை விற்கப் போய் ஓர் அம்மா ஏமாந்ததை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று. எனக்கே வட்ஸ்அப்பில் ஏழு பேர் அனுப்பியிருந்தார்கள். வீடியோவை விட எனக்குக் கடுப்பேற்றியது அதற்குக் கீழே வந்த கொமென்டுகள்தான். "அந்த அம்மா ஏன் அங்க போனவா?" "நாலு கடையில விலை கேக்கத் தெரியாதா?" "எங்கட சனத்துக்கு விழிப்புணர்வு காணாது."

விழிப்புணர்வு. சரி. அந்த அம்மா தராசைப் பார்த்தார். தங்கத்தின் மாற்று, அதாவது தரம், எத்தனை என்று கேட்டார். கடைசியில் பற்றுச்சீட்டும் கேட்டார். கடைக்காரர் சிகரெட் பெட்டி ஒன்றைக் கிழித்து, உள்பக்க வெள்ளை மட்டையில் "சங்கிலி 1, காப்பு 2" என்று எழுதி, கீழே ஒரு தொகையைப் போட்டுக் கொடுத்தார். கிராம் இல்லை, கரட் இல்லை, திகதி இல்லை, கடையின் பெயர்கூட இல்லை. அடுத்த நாள் போய்க் கேட்டால் "இது என்ர எழுத்தில்லை" என்கிறார். இதற்கு மேல் அந்த மனுசி எப்படி விழிப்பாக இருப்பது? சொல்லுங்கள், நானும் பழகிக்கொள்கிறேன்.

நான் முன்பும் எழுதிக் கேட்டது, இப்போதும் கேட்பது ஒன்றுதான். பழைய தங்கமோ தங்கக் காசோ விலைக்கு வாங்குகிற ஒவ்வொருவரும் அந்தத் தொழிலுக்கென்றே பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கம் சுவரிலும் இருக்க வேண்டும், தருகிற சீட்டிலும் இருக்க வேண்டும். சீட்டில் நிறை, கரட், அன்றைய விலை, கழித்த தொகை நான்கும் வர வேண்டும். அவ்வளவுதான்.

"கடை பதிந்துதானே இருக்கு" என்று ஒருவர் இன்பொக்ஸில் வந்து பாடம் எடுத்தார். தம்பி, பிரதேச செயலகத்தில் பதிவது வியாபாரப் பெயர். பலசரக்குக் கடைக்கும் அதுதான், சலூனுக்கும் அதுதான். ஈடு பிடிக்கிறவருக்கு 1942 இலிருந்தே தனிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமம் எடுக்க வேண்டும், ஈட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். அதாவது சங்கிலியை அடகு வைத்தால் கையில் ஒரு சீட்டு வரும். அதே சங்கிலியை ஒரேயடியாக விற்றால் சிகரெட் மட்டை வரும். 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தில் தங்க வியாபாரிகளும் வருகிறார்கள், உண்மைதான். ஆனால் அது கறுப்புப் பணத்தைப் பிடிப்பதற்கு. பெரிய தொகையோ சந்தேகமான கைமாற்றமோ என்றால்தான் அதன் கண் திறக்கும். மகளின் கம்பஸ் செலவுக்காக மூன்று பவுண் விற்கிற தாயை அதற்குத் தெரியாது. இந்தியாவில் 2021 ஜூனிலிருந்து விற்கிற நகைக்குத் தர முத்திரை மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாகி வருகிறது, முத்திரையிடுகிற ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் இலக்கமுமாக ஆறு குறியில் தனி அடையாளமே குத்துகிறார்கள். இங்கே வாங்குகிற ஆளுக்கே ஓர் இலக்கம் கேட்டால் எனக்கு மண்டை கழன்றுவிட்டது என்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அம்மாவிடம் பவுண் காசு இரண்டு இருந்தன, பிரித்தானியத் தங்கக் காசுகள், அம்மம்மா கொடுத்தவை. ஒரு பக்கம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரையில் இருக்கிற ஒருவர் கீழே கிடக்கும் எதையோ குத்துவார். சின்ன வயதில் அது சூரனைக் கொல்லும் முருகன் என்றுதான் நினைத்திருந்தேன், மயிலை எங்கே விட்டுவிட்டார் என்று கேட்டு அம்மாவிடம் வாங்கியும் கட்டியிருக்கிறேன். போரில் இடம்பெயர்ந்து கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட நாளில் அம்மா அந்தக் காசுகளை உள்பாவாடையின் நாடா மடிப்புக்குள் வைத்துத் தைத்தார். தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால். பிறகு செட்டிகுளம் முகாம். சட்டி பானை போனது, என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் போயின, ஆட்களும் போனார்கள். அந்த இரண்டு காசும் வந்து சேர்ந்தன.

2010 கடைசியில், திரும்பிப் போய்க் கிணறு இறைக்கவும் கூரைக்குத் தகரம் வாங்கவும் அவற்றை விற்கப் போனோம். வாங்கியவர் காசை உரைகல்லில் தேய்த்தார், பிறகு இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தார். "பழங்காசு அம்மா, தேஞ்சு போச்சு. உருக்கினா பாதி செம்பு." பவுண் முப்பதாயிரத்துக்கு மேலே நின்ற நேரம் அது. காசு ஒன்றுக்குப் பதினேழாயிரம் தந்தார். அம்மா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார், நானும்தான் பக்கத்தில் நின்றேன்.

அந்தக் காசு 7.98 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், 22 கரட். நாங்கள் எட்டுக் கிராமைப் பவுண் என்று சொல்வதே அந்தக் காசை வைத்துத்தான். பவுணுக்கே பெயர் கொடுத்த காசைப் பாதி செம்பு என்று ஒருவர் சொல்ல, நாங்கள் நம்பினோம். இதெல்லாம் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிய வந்தது. அவரைத் தேடிப் போகக்கூட வழியில்லை, கையில் சீட்டில்லையே.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். "சின்ன ஆக்களின்ர பிழைப்பில மண் போடாதே." நாய் வளர்க்கவே பதிவு கேட்கிற நாடு இது. கோடிக்கணக்கில் தங்கம் புரள்கிற மேசைக்குப் பதிவு கேட்டால் பிழைப்புக் கெட்டுவிடுமாம். பவுண் மூன்று இலட்சத்தைத் தாண்டினபிறகும் இவர்கள் சின்ன ஆக்கள்தான்! "பதிவு வந்தா லஞ்சமும் வரும்." வரலாம். அதற்காக ஓட்டுநர் உரிமத்தை எடுத்துவிடுவோமா?

"அந்தக் கடைக்காரரும் எங்கட ஆள், வெளியில காட்டிக் குடுக்கிறாய்." இதுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. எங்கட ஆள் தராசில் கை வைத்தால் தங்கம் கூடவா நிறுக்கும்? அந்த அம்மா யாருடைய ஆள்?

ஒரே ஒரு அண்ணை மட்டும் நியாயமாகக் கேட்டிருந்தார். பதிவேடு என்று வந்தால் விற்கிறவரிடம் அடையாள அட்டை கேட்பார்கள், பிறகு நகை வாங்கின பில் கேட்பார்கள், எங்கட சனத்திடம் பில் எங்கே இருக்கிறது, எல்லாம் எரிந்துபோனதே, கடைசியில் சொந்தத் தங்கத்துக்கே சனத்தைக் கள்ளர் ஆக்கிவிடுவார்கள் என்று. உண்மை. இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அடையாள அட்டை இலக்கமும் கையெழுத்தும் போதும், பழைய பில் கேட்கக் கூடாது என்று அதே விதியில் எழுதலாம்தானே? அறுத்த சங்கிலி எந்தக் கடையில் உருகியது என்பதும் அப்போது தெரியவரும். எழுதுவார்களா என்றால், அது வேறு கதை.

சீட்டு என்றதும் மாமியின் நினைவு வருகிறது. போருக்கு முன் நாலு பவுண் சங்கிலி ஒன்றை ஈடு வைத்திருந்தார், போரோடு அது திரும்பி வரவேயில்லை. அந்தச் சீட்டை இன்றும் பொலித்தீன் பையில் போட்டு, சாமி அறையில் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். 2025 மே மாதம், போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கில் மீட்ட தங்கத்தையும் வெள்ளியையும் இராணுவம் பொலிஸிடம் கையளித்த செய்தி வந்தபோது, மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் நின்றார். தன்னுடைய சங்கிலி அதற்குள் தெரிகிறதா என்று பார்த்தார். செய்தி விளையாட்டுக்கு மாறினபிறகும் அங்கேயே நின்றார்.

சீட்டு இருந்தும் மாமிக்குச் சங்கிலி வரவில்லையே, பிறகு சீட்டு எதற்கு என்று யாராவது கேட்பீர்கள் என்றும் தெரியும். மாமியிடமே நான் அதைக் கேட்டிருக்கிறேன். "அப்ப நான் சங்கிலி வைச்சிருந்தனான் எண்டதை ஆர் நம்புவினம்?" என்றார்.

இன்று காலை அந்தக் கடைப் பக்கம் போனேன். திறந்துதான் இருந்தது. "பழைய தங்கம், காசு உயர்ந்த விலைக்கு வாங்கப்படும்" என்று கண்ணாடியில் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், கீழே இரண்டு போன் நம்பர்கள். பதிவு இலக்கம் எங்காவது இருக்கிறதா என்று மதகுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நன்றாகவே பார்த்தேன். இல்லை.

"அவ ஏன் அங்க போனவா" என்று இதற்குக் கீழேயும் வந்து எழுதுகிறவர்களை நண்பர் வட்டத்திலிருந்து நீக்கிவிடுவேன். சொந்தக்காரராக இருந்தாலும்தான்.