கொசோவோ: நீதிமன்றம் சொன்னது என்ன?

செர்பியாவிலிருந்து பிரிந்து தனிநாடு என்று அறிவித்துக்கொண்ட பகுதி கொசோவோ. ‘கொசோவோ வழக்கில் பிரிந்துபோகும் உரிமையைச் சர்வதேச நீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பளித்துவிட்டது’ என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. முதலில், அது வழக்கே இல்லை. செர்பியாவின் முயற்சியால் ஐ.நா. பொதுச்சபை கேட்டு வாங்கிய ஆலோசனைக் கருத்து. யாரையும் கட்டுப்படுத்தாது.

சரி, என்ன சொன்னார்கள்? 2008 பிப்ரவரி 17-இல் கொசோவோவில் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை. 2010 ஜூலை 22 அன்று 10 நீதிபதிகள் இதற்கு ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. அவ்வளவுதான். பிரகடனம் சட்டத்துக்கு உட்பட்டதா என்றுதான் கேள்வி இருந்தது. பிரிய உரிமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கனடாவின் மாகாணமான கியூபெக் விஷயத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திடம் அதை நேராகவே கேட்டார்கள். 1998-இல் ‘தன்னிச்சையாகப் பிரிய உரிமை இல்லை’ என்று பதில் வந்தது.

கொடுமைக்கு உள்ளான மக்கள் பிரியலாமா என்பதில் நாடுகளே ஒத்துப்போகவில்லை என்று குறிப்பிட்டுவிட்டு, கொசோவோ விஷயத்தில் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. சாமர்த்தியமான நழுவல் என்றுதான் எனக்குப் படுகிறது.