வலி எவ்ளோன்னு கேட்டு எழுதியாச்சு, அப்புறம்?

கேன்சர் வலிக்கான கைட்லைன் எதை எடுத்தாலும் முக்கால்வாசி மருந்து, டோஸ், இது கேக்கலன்னா அடுத்து எதுன்னுதான் இருக்கு. நர்ஸ் பத்தி என்ன இருக்கும்? வலியைக் கேட்டு எழுது, டாக்டர்கிட்ட சொல்லு. அவ்ளோதான். எனக்கு இதுல ரொம்ப நாளா மனக்குறை.

உலக சுகாதார நிறுவனம் 1986ல கொண்டுவந்த மூணு படி ஏணி (லேசான வலிக்கு பாராசிட்டமால் மாதிரி மருந்து, வலி கூடக் கூட அடுத்த படியில வலுவான மருந்து) எல்லாருக்கும் தெரியும். 2018ல அதைத் திருத்தினப்போ ஏணியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிட்டு, முடிஞ்சவரை வாய் வழியா குடு, நேரம் தவறாம குடு, ஆளுக்கு ஏத்த மாதிரி குடு, சின்ன விஷயத்தையும் கவனின்னு நாலு விஷயத்தை முன்னாடி வச்சாங்க. சரி, இந்த நாலும் வார்டுல யார் கையால நடக்குது?

கடுமையான வலிக்குக் குடுக்கற மார்ஃபின்ல சாதா மாத்திரை (மெதுவா கரையற ரகம் இல்ல) நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகணும், இப்போ வலி இல்லையாமேன்னு ஒரு வேளையை விட்டா அடுத்த வேளைக்குள்ள வலி ஏறிடும், அப்புறம் அதை இறக்குறது பெரும்பாடு. மாத்திரை குடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு திரும்பப் போய் குறைஞ்சுதான்னு கேக்கணும். மலச்சிக்கலுக்கு மருந்து மொத நாள்லேர்ந்தே கூடப் போகணும் (இதை மறந்துட்டா மார்ஃபினே வேணாம்னு பேஷண்ட் சொல்லிடுவாரு, அதுல தப்பும் இல்ல). டோஸ் அதிகமாச்சுன்னா பெரும்பாலும் மூச்சு குறையறதுக்கு முன்னாடியே ஆள் அசந்து அசந்து போவாரு, அதைக் கண்டுபிடிக்க பக்கத்துல ஆள் இருக்கணும். ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட "பரவால்ல சார்"னு சொன்னவரு நடுராத்திரி நர்ஸ்கிட்டதான் முனகுவாரு.

ஆனா அந்த நேரத்துல எக்ஸ்ட்ரா டோஸ் குடுக்க, முன்கூட்டியே ஆர்டர் எழுதி வைக்கலன்னா, நர்ஸ் டாக்டருக்குப் போனைப் போட்டுக்கிட்டு நிக்கணும். இது எனக்குப் புரியவே மாட்டேங்குது.

நர்ஸுக்கு அதிகாரம் குடுத்தா ஆபத்துன்னு சொல்றவங்க உகாண்டாவைப் பாக்கணும். பாலியேட்டிவ் கேர்ல (தீராத நோய்ல வலியையும் வேதனையையும் குறைக்கற சிகிச்சை) தனிப் பயிற்சி முடிச்ச நர்ஸ் மார்ஃபின் எழுதலாம்னு 2004லயே அங்க சட்டத்துல இடம் குடுத்துட்டாங்க. 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் (கடைசிக் காலத்துல இருக்கற நோயாளிகளைப் பாத்துக்கற இடம்) தொடங்கின சிசிலி சாண்டர்ஸ்கூட டாக்டர் ஆகறதுக்கு முன்னாடி நர்ஸ்தான்.

எல்லா நர்ஸும் நாளைக்கே மருந்து எழுதணும்னு நான் சொல்லல. டாக்டர் போட்ட வரம்புக்குள்ள எக்ஸ்ட்ரா டோஸ் குடுக்கறது, அசதி தெரிஞ்சா அடுத்த டோஸை நிறுத்தி வைக்கறது, இது ரெண்டும் நர்ஸோட முடிவுன்னு கைட்லைன்லயே தெளிவா எழுதுங்க. கூடவே ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை பேஷண்டுன்னும் எழுதுங்க, வார்டு முழுக்க ஒரே ஆள்னா மணிக்கு மணி எங்க போய் கேக்கறது?